வேட்டி நனையுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அப்பாவுக்கு புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய், புற்றின் வீரியத்தைச் சொல்லும் க்ளீசன் மதிப்பெண் 6, அதாவது வீரியம் குறைவு, கட்டி சுரப்பியைத் தாண்டவில்லை. சேலத்தில் ஒரு மருத்துவர் உடனே ஆபரேஷன் என்றார், பெங்களூரில் ஒருவர் கதிர்வீச்சு என்றார். அவ்வப்போது பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ ஸ்கேன், தேவைப்பட்டால் மறுபடி சதைப் பரிசோதனை என்று கண்காணித்துக்கொண்டே இருக்கும் வழியும் உண்டு என்பது பாலக்கோடு பஸ்ஸில் திரும்பும்போது போனில் தேடித்தான் தெரிந்தது. பிரிட்டனில் சுரப்பிக்குள் அடங்கிய நோயுள்ள 1,643 பேரை இந்த மூன்று வழியிலும் பிரித்து 15 ஆண்டு கவனித்து 2023இல் முடிவு வெளியிட்டார்கள், எந்த வழியிலும் இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 2 முதல் 3 சதவீதம்தான். ஆனால் சிறுநீர்க் கசிவு ஆபரேஷன் செய்தவர்களுக்கு அதிகம்.

அப்பா இரண்டு இடத்திலும் கேட்டது ஒன்றுதான், "வேட்டி நனையுமா டாக்டர்?" சிரித்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார்கள். சரி, இதை உட்கார்ந்து விளக்க தர்மபுரியிலேயே வாரம் ஒரு நாள் ஆள் போடக் கூடாதா?

வாசகர், பாலக்கோடு