முனியாண்டியிடம் முக்தி கேட்டவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பாதைகள் வேறானாலும் எல்லா மதங்களும் தேடுவது வீடுபேறு ஒன்றையே என்று ஞாயிறு மலர்க் கட்டுரை ஒன்று முடித்திருந்தது. நல்லெண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் பினாங்கில் நாம் அன்றாடம் காண்பது வேறு.

ரப்பர் தோட்டங்களில் நம் முன்னோர் நட்ட முனியாண்டி சூலத்தின் முன் பிறவிப்பிணி தீர வேண்டிக்கொண்டவர் யார்? பாம்பு தீண்டக் கூடாது, பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்க வேண்டும், அவ்வளவுதான். காவல் காத்தவருக்குச் சுருட்டும் சேவலும் உண்டு. சாலையோரம் சீனர்கள் வணங்கும் டத்தோ கோங்கும் அதே தொழில்காரர்தான். மலாய்க்காரரின் சொங்கோக் தொப்பி அணிந்த அந்த நிலக் காவலருக்கு வெற்றிலையும் புகையிலையும் வைப்பார்கள். பன்றி இறைச்சி மட்டும் ஆகாது. ஏப்ரலில் சீனர்கள் முன்னோரை நினைவுகூரும் சிங் மிங் வந்தால் கல்லறையைத் துப்புரவு செய்து காகிதப் பணம் எரிப்பது பாட்டனாரைப் பாவத்திலிருந்து மீட்பதற்கா? மறுவுலகில் அவர் செலவுக்குத் திண்டாடக் கூடாது என்பதற்குத்தான். ஜப்பானியரின் ஷிந்தோவும் பெரும்பாலும் இவ்வுலக நலனையே நாடுகிறது.

கன்பூசியஸிடம் மரணம் பற்றிக் கேட்டதற்கு, வாழ்வே புரியாதபோது சாவை எப்படி அறிவது என்று திருப்பிக் கேட்டார். (எனக்குப் பிடித்த பதில்.)

இவற்றையெல்லாம் 'சிறுதெய்வ வழிபாடு' என்று ஒதுக்கிவிட்டு, மதம் என்றாலே மோட்சம் என்று எழுதினால் நம் தாத்தா பாட்டிகள் கும்பிட்டதில் பெரும்பகுதி விடுபட்டுப் போகும். மலரில் இதைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு