உறுப்பு மாற்று சிகிச்சை வழிகாட்டுதலில் சான்றின் வலிமையை வெளிப்படையாகக் குறிப்பிடக் கோரும் மனு

அனுப்புநர்:
உறுப்பு மாற்று மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள்

பெறுநர்:
சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: சான்று குறைவாக உள்ள இடங்களில் சிகிச்சைப் பரிந்துரைகளை வகுக்கும் முறை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

வணக்கம். ஆய்வுகளால் உறுதியான பரிந்துரையையும், நிபுணர் குழுவின் கருத்தை மட்டுமே நம்பி எழுதப்படும் பரிந்துரையையும் ஒரே தொனியில் எழுத வேண்டாம் என்பதே எங்கள் முதல் கோரிக்கை.

இத்துறையில் ஒவ்வொரு மையத்திலும் நோயாளிகள் குறைவு. பல ஆய்வுகள் ஓராண்டோடு முடிந்துவிடும். மாற்று உறுப்பு செயலிழப்பதோ பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்து. கேடிகோ என்ற பன்னாட்டுச் சிறுநீரக அமைப்பு சிறுநீரக மாற்றுக்காக 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, தரமிடப்பட்ட பரிந்துரைகளில் பெரும்பாலானவை சி (குறைந்த), டி (மிகக் குறைந்த) தரச் சான்றையே நம்பியிருந்தன.

உறுப்பு பெற்றவருக்கு வரும் காசநோயை எடுத்துக்கொள்வோம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரல், குடல் நொதிகளைத் தூண்டி, உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான டாக்ரோலிமஸை விரைவாகச் சிதைக்கும். இரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவு சரிந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கலாம். அதை ஈடுகட்ட டாக்ரோலிமஸைப் பல மடங்கு கூட்டுவார்கள். ரிஃபாம்பிசினை நிறுத்தியபின் ஏறத்தாழ 2 வாரங்களில் அந்தத் தூண்டல் அடங்கும். கூட்டிய அளவை அப்போது குறைக்கத் தவறினால் டாக்ரோலிமஸே சிறுநீரகத்தைக் கெடுக்கும். இவ்வளவும் உறுதியாகத் தெரிந்தவை. ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக, அதே வகையைச் சேர்ந்த, நொதிகளைத் தூண்டும் திறன் குறைந்த ரிஃபாபுட்டினை முதலிலேயே கொடுப்பதா என்பதைத் தீர்மானிக்கப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளின் துணை இல்லை. தெரிந்ததையும் தெரியாததையும் கலந்தால், "மருத்துவர் தக்கவாறு முடிவெடுக்கலாம்" என்ற, யாருக்கும் உதவாத வரிதான் மிஞ்சும். ரிஃபாம்பிசினைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும், அடுத்த வேளை மாத்திரைக்கு முந்தைய டாக்ரோலிமஸ் இரத்த அளவை எத்தனை நாளுக்கொருமுறை பார்ப்பது, அதைக் கண்காணிப்பது யார், எந்த அளவில் மாத்திரையை மாற்றுவது என்று எழுதுங்கள்.

சான்றுகளைத் தரப்படுத்தும் கிரேடு (GRADE) முறையைப் பின்பற்றி, சான்றின் உறுதியையும் பரிந்துரையின் வலிமையையும் தனித்தனியே தர வேண்டும். சான்று மெலிந்திருந்தாலும் பரிந்துரை வலுவாக இருக்கலாம்: கருவுக்குத் தீங்கு செய்யும் நிராகரிப்புத் தடுப்பு மருந்தான மைக்கோஃபீனலேட்டைக் கருத்தரிப்புக்குக் குறைந்தது 6 வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்பதைச் சோதிக்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை எண்ணை மட்டும் பார்க்காமல் உறுப்பு நிலைத்தல், இறப்பு, கடும் தொற்று ஆகியவற்றை விளைவுகளாகக் கொள்ள வேண்டும்.

குழுவில் மூத்தவர் பேசியதும் மற்றவர்கள் அடங்கிவிடுவது வழக்கம். எனவே டெல்ஃபி முறையில் பெயர் வெளியிடாத வாக்கெடுப்பை 2 அல்லது 3 சுற்றுகள் நடத்தலாம். 75 அல்லது 80 விழுக்காடு, எதுவானாலும் ஒப்புதல் வரம்பை வாக்கெடுப்புக்கு முன்பே அறிவித்துவிட வேண்டும். மாற்றுக் கருத்தையும் அச்சிட வேண்டும். மருந்து நிறுவனத் தொடர்புள்ளவருக்கு அப்பொருளில் வாக்கு கூடாது. தொற்றுநோய் மருத்துவரும் மருந்தாளுநரும் உறுப்பு பெற்றவர்களும் குழுவில் இடம்பெற வேண்டும்.

வலுவற்ற ஒவ்வொரு பரிந்துரைக்கும் மறுஆய்வுத் தேதியும், அதுவரை பதிவேட்டில் சேர்க்க வேண்டிய தரவுகளும் குறிக்கப்பட வேண்டும். அத்தகைய பரிந்துரையைக் காட்டிக் காப்பீட்டுத் தொகையை மறுக்கவோ, மருத்துவர் மீது நடவடிக்கை எடுக்கவோ கூடாது என அரசாணையிலேயே சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்