கழுதைக்கும் ஒரு ஊசி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போகிற படம் தேர்தலுக்குத் தேர்தல் பத்திரிகைகளில் வருகிறது, உங்கள் பத்திரிகையிலும் வந்திருக்கிறது. பார்க்கிறவர்கள் சாலை வசதியைப் பற்றிப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான், அந்த ஊர்களுக்கு நல்ல சாலை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் என் கண் முதலில் கழுதையின் காலுக்குத்தான் போகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் கால்நடை முகாம் போட்டால் மாட்டுக்குக் கோமாரி ஊசி உண்டு, ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி ஊசி உண்டு, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் மருந்து உண்டு, நாய்க்கு வெறிநோய் ஊசி உண்டு. கழுதையை ஓட்டிக்கொண்டு யாராவது வந்தால் "இதுக்கு என்னப்பா இங்க?" என்று சிரிப்பார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் இந்தச் சிரிப்பை நிறையக் கேட்டிருக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நடக்கிற முகாம்களில் கழுதைக்கும் குதிரைக்கும் டெட்டனஸ் ஊசி, குடற்புழு மருந்து, குளம்பு திருத்துதல் இந்த மூன்றையும் சேர்க்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிற பிராணிக்கு எதற்குச் செலவு என்று ஒரு கேள்வி வரும். குறைவது உண்மைதான். 2012 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன, 2019இல் அது 1.2 லட்சம் ஆகிவிட்டது. குதிரையும் மட்டக்குதிரையும் சேர்த்து ஆறு லட்சத்துக்கு மேல் இருந்தது 3.4 லட்சமாக இறங்கிவிட்டது. வாஷிங் மெஷின் வந்தது, குட்டியானை லோடு வண்டி வந்தது, செங்கல் சூளைக்கு டிராக்டர் வந்தது, அப்புறம் கழுதைக்கு என்ன வேலை? ஆனால் இன்னும் கழுதையை வைத்திருப்பவன் யார் என்று பாருங்கள். வண்டி போகாத இடத்தில் இருப்பவனும், வண்டி வாங்க முடியாதவனும்தான். அவனுக்கு ஒரு கழுதை செத்தால் அந்த மாத வருமானமே போச்சு.

குளம்பு விஷயம் முதலில். கழுதை பாலைவனத்துப் பிராணி, ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதையிலிருந்து வந்தது. அதன் குளம்பு குதிரையுடையதைவிடச் செங்குத்தாக, இறுக்கமாக இருக்கும், காய்ந்த கல் தரைக்கு என்றே அமைந்தது. ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நம் மலையில் பொதி சுமக்கிற மாதங்களில் அது தானாகவே தேய்ந்துவிடும், ஆனால் ஒரு பக்கமாகத் தேயும். மழைக்காலத்தில் வேலை இல்லாமல் சாணிச் சேற்றிலேயே கட்டிக் கிடக்கும்போது நுனி வளர்ந்து மேல்நோக்கி வளைய ஆரம்பிக்கும், அடியில் அழுகல் பிடிக்கும், மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். ஆறு வாரத்திலிருந்து பத்து வாரத்துக்குள் ஒரு தடவை திருத்தினால் இந்தத் தொல்லையே வராது. திருத்துவதற்கு ஆள்தான் இல்லை. சந்தையில் மாட்டுக்கு லாடம் அடிப்பவர்களே குறைந்துவிட்டார்கள், அவர்களும் கழுதையைத் தொடுவதில்லை. மலையடிவாரத்தில் ஒருவர் கழுதையின் முன்னங்காலைக் கல்லில் தூக்கி வைத்து, வேலி வெட்டுகிற கொடுவாளால் குளம்பின் நுனியை ஒரே போடாகப் போட்டதைப் பார்த்தேன். கழுதை கத்தவில்லை, காதை மட்டும் பின்னால் சாய்த்தது. வெட்டிய இடத்தில் ரத்தம் கசிந்தது, மஞ்சளை அப்பிவிட்டு உடனே பொதி ஏற்றினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, யார் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

அந்த மாதிரிக் காயத்தில்தான் ரணஜன்னி என்கிற டெட்டனஸ் நுழைகிறது. மண்ணிலும் சாணத்திலும் கிடக்கிற கிருமி அது. வளர்ப்புப் பிராணிகளில் இந்த நோய் மிக எளிதில் தாக்குவது குதிரை இனத்தைத்தான். முதலில் நடை விறைக்கும், வால் லேசாகத் தூக்கி நிற்கும், கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு சவ்வு கண்ணை மூட வரும். பிறகு தாடை பூட்டிக்கொள்ளும், தண்ணீர் இறங்காது. அந்த நிலையில் கொண்டுவந்தால் டாக்டர் என்ன செய்ய முடியும்? ஆனால் முன்கூட்டிப் போடுகிற ஊசி விலை குறைவு. முதலில் நான்கு வார இடைவெளியில் இரண்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்று, அவ்வளவுதான்.

கழுதை வலியை வெளியே காட்டாது, இதைக் கழுதை வைத்திருப்பவர்கள்கூடப் பல பேர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் தரையில் புரளும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்காலால் மண்ணைக் கிளறும், தெருவே கூடிவிடும். கழுதை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா நிற்கும். சும்மாதானே நிற்கிறது என்று விட்டால் இரண்டு மூன்று நாள் தீனி எடுக்காமல் இருந்து, உடம்பிலுள்ள கொழுப்பு ரத்தத்தில் இறங்கி ஈரலைக் கெடுத்துவிடும், அதன் பிறகு காப்பாற்றுவது கஷ்டம். ஜோடியாக வளர்ந்த கழுதைகளில் ஒன்று செத்தால் மற்றது தீனியை நிறுத்துவதும் இதே ஆபத்தில்தான் போய் முடியும். அதனால் செத்த கழுதையை உடனே இழுத்துப் போகாமல் கொஞ்ச நேரம் மற்றது மோந்து பார்க்க விடுங்கள் என்று சொல்வது வழக்கம். கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், இருக்கட்டும்.

இப்போது நம் பக்கத்தில் குதிரை ஆசை கூடியிருக்கிறது. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போய், காது நுனி இரண்டும் உள்நோக்கி வளைந்த மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளைப் பார்த்து மயங்கி, கடனை வாங்கியாவது ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, கட்சி ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று கணக்கு. வாங்குகிற அன்றைக்குப் பல்லைப் பிடித்து வயசு பார்க்கத் தெரிந்தவர்களுக்குக்கூட அதன் வயிற்றைப் பற்றித் தெரிவதில்லை. மாட்டுக்கு நான்கு அறை வயிறு, அசைபோட்டுச் சாப்பிடும். குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் அந்த உடம்புக்குச் சின்னது, நார்த்தீனியெல்லாம் பின்னால் பெருங்குடலில்தான் புளித்துச் செரிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் பூராவும் புல் கடிக்கப் பிறந்த பிராணி அது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை இறக்கிவிட்டதும் யாராவது ஒரு புண்ணியவான் பந்தியில் மீந்த சோற்றை அன்னக்கூடையோடு கொண்டுவந்து குதிரைக்கு வைப்பார். அது ஆசையாகத் தின்றுவிடும். ராத்திரி குடலில் காற்று அடைத்து வலி எடுக்கும், வாந்தியாக வெளியே தள்ளிவிடலாம் என்றால் குதிரையால் வாந்தி எடுக்கவே முடியாது, உணவுக்குழாய் வயிற்றில் சேருகிற இடத்தில் தசை அவ்வளவு இறுக்கம். அப்போது மாட்டுக்கு ஊற்றுகிற மாதிரி நல்லெண்ணெயை மூங்கில் குழாயில் ஊற்றுவார்கள், அது நுரையீரலுக்குப் போய்விட்டால் கதை முடிந்தது. வலியிலிருந்து பிழைத்தாலும் அதிகச் சோறு குளம்புக்குள் வீக்கத்தைக் கொண்டுவந்து குதிரையை நொண்டியாக்கிவிடும். குதிரை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கல்யாண வீட்டுக்காரரிடம் சோறு வேண்டாம், ஒரு கட்டுப் புல்லும் தண்ணீரும் போதும் என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. கோழிப்பண்ணை நிறைந்த பகுதி நம்முடையது. மீந்த கோழித் தீவனத்தை மலிவாகக் கிடைக்கிறதே என்று குதிரைக்குப் போடுகிறவர்கள் உண்டு. கோழிகளுக்கு ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கத் தீவனத்தில் மோனென்சின் போன்ற மருந்தைக் கலப்பார்கள், கோழி தாங்குகிற அளவே குதிரைக்கு இதயத்தைத் தாக்குகிற விஷம். இது கழுதைக்கும் பொருந்தும். கழுதைக்கு நம் ஊர் ராகித் தாளும் காய்ந்த புல்லும் போதும், பசுந்தீவனத்தையும் தானியத்தையும் அள்ளிப் போட்டால் கழுத்துப் பிடரியில் கொழுப்பு கட்டி அதுவே நோய் ஆகும்.

கழுதைப்பால் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் கேட்பார்கள். லிட்டர் ஆயிரக்கணக்கில் விற்கும், பண்ணை வையுங்கள், பாலை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று விளம்பரம் வருகிறது, அதை நம்பிப் பணம் போட்டு ஏமாந்தவர்களின் செய்தியும் பின்னாலேயே வருகிறது. பெட்டைக் கழுதை ஏறக்குறைய ஒரு வருஷம் சினையாக இருக்கும், ஒரு குட்டிதான் போடும், குட்டி பக்கத்தில் இருந்தால்தான் பால் விடும், விட்டாலும் குட்டி குடித்தது போக நாளைக்கு அரை லிட்டர், ரொம்ப நல்ல கழுதையாக இருந்தால் ஒரு லிட்டர் கறக்கலாம். அதுவும் சில மாதம்தான். இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தைக் கொடுங்கள். தெருவில் சங்கில் ஊற்றிக் கைக்குழந்தைக்குக் கொடுப்பதும் வேண்டாம், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், காய்ச்சாத பால் எந்தப் பிராணியுடையதானாலும் ஆபத்துதான்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தேசிய கால்நடை இயக்கத் திட்டத்தை மாற்றி, குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகப் பண்ணை தொடங்குகிறவர்களுக்கு 50 சதவீத மானியம், அதிகபட்சம் 50 லட்ச ரூபாய் வரை என்று அறிவித்தது. நல்லதுதான். ஆனால் ஐம்பது லட்சம் மானியம் வாங்க அதே அளவு பணத்தைச் சொந்தமாகவோ வங்கிக் கடனாகவோ திரட்ட வேண்டுமே! நாலு கழுதை வைத்துப் பொதி சுமக்கிறவருக்கு அதில் என்ன இருக்கிறது? ஸ்பிட்டி, ஹாலாரி, கச்சி என்று வடநாட்டுக் கழுதைகளுக்கு இனப் பதிவு இருக்கிறது. நம் ஊர்ச் சாம்பல் நிறக் குட்டைக் கழுதை எந்தப் பட்டியலிலும் இல்லை. அதைக் காப்பாற்றுவது முகாமில் போடுகிற ஊசியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. பொதி, வண்டி இழுக்கும் பிராணிகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிப்படி ஒரு கழுதை மேல் 50 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது, நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வெயில் 37 டிகிரியைத் தாண்டுகிற இடத்தில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வேலையே வாங்கக் கூடாது. ஒரு அரிசி மூட்டை 50 கிலோ, அதோடு ஒரு பாக்கெட் உப்பு சேர்த்தால் விதி மீறல்! நம் பக்கம் சித்திரை வெயில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். இந்த விதியைக் காட்டி ஏழையைப் பிடித்து அபராதம் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அரசாங்க வேலைக்கு வாடகைக்குக் கழுதை எடுக்கும்போதாவது, முன்நாளே ஒரு டாக்டர் வந்து முதுகுப் புண்ணையும் காலையும் பார்த்து, இது போகலாம், இது போக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், வாடகையையும் சுமைக்கு ஏற்றபடி கொடுக்கலாம்.

ஆளுக்கும் இடத்துக்கும் எங்கே போவது என்று கேட்டால், ஓசூர் மத்திகிரி கால்நடைப் பண்ணை இருக்கிறது. 1824இல் வெள்ளைக்காரர்கள் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம் அது, மாடெல்லாம் பிறகு வந்ததுதான். இரண்டு மாவட்டத்திலிருந்தும் கழுதை, குதிரை வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளில் சிலரை அங்கே அழைத்துக் குளம்பு திருத்தக் கற்றுக்கொடுத்து, கையில் ஒரு அரமும் குளம்புக் கத்தியும் கொடுத்து அனுப்பினால் ஊர் ஊராக அவர்களே பார்த்துக்கொள்வார்கள், கூலியும் கிடைக்கும். 1962 எண்ணுக்குப் போன் செய்தால் வருகிற கால்நடை ஆம்புலன்ஸில் டெட்டனஸ் மருந்தும், குதிரைக்கு மூக்கு வழியாக வயிற்றுக்கு விடுகிற நீளக் குழாயும் எப்போதும் இருக்க வேண்டும். மழை பிடிப்பதற்குள், அதாவது புரட்டாசி முகாம்களிலேயே இதைத் தொடங்கலாம், கழுதை வைத்திருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் அந்தந்த ஊர் மருந்தகத்தில் எழுதினால் ஒரு பக்கம்கூட வராது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.