ஆட்டிசம் மறுமதிப்பீட்டுக்கு வரும் பெரியவர்களுக்காக ஒரு திறந்த மடல்

மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்றிதழ் வழங்கும் மருத்துவக் குழுவினருக்கும், மாநில மாற்றுத்திறனாளிகள் நல ஆணையருக்கும்,

வணக்கம்.

எனக்கு 36 வயது. ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். மூன்று வருடம் முன்பு ஆட்டிசம் சான்றிதழுக்காக ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். 66 மதிப்பெண் போட்டார்கள். 70 வந்தால்தான் ஆட்டிசம். இப்போது மறுமதிப்பீடு கேட்டிருக்கிறேன். அங்கே வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

அன்றைக்குக் கூடத்தில் ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். ஒரு டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்தது. டோக்கன் எண்ணைக் கூப்பிடும் குரல் ஒவ்வொரு முறையும் மேலே அடி விழுந்த மாதிரி இருந்தது. இரண்டரை மணி நேரம் கழித்து உள்ளே போனேன். மருத்துவர் பெயர் கேட்டார், வேலை கேட்டார், எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். இப்படியெல்லாம் கேட்பார்கள் என்று முந்தின இரவே நோட்டில் பதில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அவருடைய புருவங்களுக்கு நடுவில் பார்த்துக்கொண்டே ஒப்பித்தேன். கண்ணைப் பார்க்க முடியாததால் பள்ளி நாளிலேயே நானாகக் கண்டுபிடித்த வழி அது. "நல்லாத்தானம்மா பேசுறீங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். எங்கள் ஊர்ப் பேருந்து ஏழு தடவை வந்து போனது. ஏற வேண்டும் என்று தெரிகிறது, எழுந்திருக்க முடியவில்லை. ஒரு அம்மா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் பார்க்காதது இதைத்தான்.

நீங்கள் பயன்படுத்தும் அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கண்ணோடு கண் பார்ப்பது, தனியாக ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடுவது என்று பலவும் குழந்தையை மனதில் வைத்துக் கேட்டவை. கூட வந்தவர் சொல்வதை வைத்துத்தான் பலவற்றுக்கு விடை கிடைக்கும். என் அம்மா 2019இல் இறந்துவிட்டார். சின்ன வயதில் உளுந்தைத் தரையில் கொட்டி வரிசை வரிசையாக அடுக்குவேன். யாராவது கால் பட்டுக் கலைத்துவிட்டால் இருட்டும்வரை அழுவேன். அதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவர் அவர்தான். அண்ணனை அழைத்துப் போனேன். "சின்னதிலேயே அமைதி சார், ஒரு தொந்தரவும் கிடையாது" என்றான். பெண்பிள்ளை வாயைத் திறக்காமல் இருந்தால் நம் வீடுகளில் அதற்கு நல்ல பெயர்தானே.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் 7 வகையை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் அதில் சேர்த்தது. அது குழந்தைகளுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்கிறது 59ஆம் பிரிவு. அன்றைக்கு யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. வெகுநாள் கழித்து நானே படித்துத் தெரிந்துகொண்டேன். மறுக்கும்போது அந்த ஒரு வரியையாவது சீட்டில் அச்சடித்துக் கொடுங்கள்.

இடஒதுக்கீட்டுக்காக வருகிறாள் என்று நினைக்க வேண்டாம். அச்சு எந்திரத்தை விட்டுத் தள்ளி ஒரு மேசை வேண்டும். வேலையை வாயால் சொல்லாமல் எழுதித் தர வேண்டும். முதலாளி மறுக்கவில்லை. "ஒரு காகிதம் இருந்தா மத்தவங்களுக்குச் சொல்ல எனக்கும் வசதி" என்கிறார். அப்புறம், ஆட்டிசம் பயிற்சி மையங்களில் விசாரித்தால் எல்லா இடத்திலும் முதல் கேள்வி, "குழந்தைக்கு என்ன வயசு?" எனக்குத்தான் என்றால் மறுமுனையில் பேச்சு நின்றுபோகிறது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது, சரி. எங்கள் ஊரிலிருந்து அது ஓர் இரவுப் பயணம். மாவட்டத்துக்கு ஓர் இடத்திலாவது பெரியவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரியவர்களைக் கூட்டமில்லாத நேரத்தில் கூப்பிடுங்கள். பெற்றோர் இல்லாதவரிடம் பழைய பள்ளி ரிப்போர்ட் கார்டையும், கூட வேலை செய்பவரின் கடிதத்தையும், எங்கள் கைப்பட எழுதியதையும் வாங்கிப் படியுங்கள். பேசுகிறாரா என்று பார்ப்பதோடு விடாமல், பேசி முடித்த பிறகு என்ன ஆகிறது என்றும் கேளுங்கள்.

அடுத்த மாதம் வருகிறேன். இந்த முறை எதையும் மனப்பாடம் செய்யப்போவதில்லை. காதில் ஹெட்போன் இருக்கும், பார்வை மேசைமேல் இருக்கும், பதிலை நோட்டைப் பார்த்துத்தான் படிப்பேன். படிக்க விடுங்கள்.

இப்படிக்கு,
தென்மாவட்டத்திலிருந்து ஒரு விண்ணப்பதாரர்