கலாவுக்கு: ரோபோ ஏன் நேராகப் போய் முட்டுகிறது

அடையாறு, சென்னை

அன்புள்ள கலா,

ஒருவழியாக ஆய்வுக்குப் பதிவு செய்துவிட்டாய், ரொம்பச் சந்தோஷம். இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவன் கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கிறான்; நாங்கள் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு ஆபீஸ் போய்வருகிறோம்.

தடைகளை ஒதுக்கிப் போகும் ரோபோவை ஃபஸ்ஸி லாஜிக்கில் (‘அருகில்’, ‘தூரத்தில்’ போன்ற சொற்களுக்கு 0 முதல் 1 வரை மதிப்புக் கொடுத்து ரூல் எழுதும் முறை) ஓட்டுவது பற்றிய உன் சினாப்சிஸைப் படித்தேன். மெம்பர்ஷிப் ஃபங்ஷன்களை, அதாவது அந்த மதிப்பைத் தரும் முக்கோண வளைவுகளை, ஜெனெட்டிக் அல்காரிதம் (பல விடைகளைக் கலந்து, தேறியதை மட்டும் வைத்துக்கொண்டு தேடும் முறை) வைத்து ட்யூன் செய்யப்போவதாக எழுதியிருக்கிறாயே, அந்த அத்தியாயத்தை அடித்துவிடு. அது எத்தனையோ தீசிஸில் வந்து புளித்துப் போயிற்று. முக்கோணத்தை அரை அங்குலம் நகர்த்துவதால் ரோபோவின் அடிப்படைக் கோளாறு தீராது. கோளாறு எங்கே இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

இடது, நடு, வலது என்று மூன்று சென்சார். ‘அருகில்’ என்பது 20 செ.மீ. வரை 1, 60-இல் 0. ‘தூரத்தில்’ என்பது 60-இல் 0, 120-இல் 1. நடுவில் 30 செ.மீ. தள்ளி ஒரு தூண். இரண்டு பக்கமும் 100 செ.மீ. காலி. ‘நடு அருகில், இடது தூரத்தில் என்றால் இடப்பக்கம் 40 டிகிரி’ என்று ஒரு ரூல். வலதுக்கும் அதே மாதிரி ஒன்று. ‘அருகில்’ 0.75, ‘தூரத்தில்’ 0.67. மினிமம், அதாவது சிறியதை எடுத்தால் இரண்டு ரூலுக்கும் 0.67. அதையே எடையாக வைத்து, இடது 40, வலது கழித்தல் 40 என்று வெயிட்டட் ஆவரேஜ் போடு: பூஜ்யம். திரும்பு என்று இரண்டு ரூலும் கத்துகின்றன, ரோபோ நேராகத் தூணைப் பார்த்துப் போகிறது. சரி, வலது 98 ஆகட்டும். அப்போது அந்த ரூல் 0.63. இடப்பக்கம் எவ்வளவு திரும்பும் தெரியுமா? சுமார் ஒரு டிகிரி.

அந்த ஒரு டிகிரியும் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார் (பேட்டரியில் ஓடும் மலிவு மோட்டார்) குறைந்த பி.டபிள்யூ.எம்.மில் (மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து வேகத்தை மாற்றும் முறை) முனகுமே தவிர நகராது. எந்த மதிப்பில் நகர ஆரம்பிக்கிறது என்பதும் இரண்டு மோட்டாருக்கு ஒன்றாக இருக்காது. மோட்டாருக்கு மின்சாரம் தரும் போர்டாக எல்298என் டிரைவர் போட்டால் சுமார் 2 வோல்ட்டை அதுவே தின்றுவிடும். சிமுலேஷனில் அழகாக வளைந்து போனது தரையில் முட்டுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஒவ்வொரு மோட்டாரும் நகரத் தொடங்கும் மதிப்பை அளந்து, கண்ட்ரோலர் தரும் எண்ணை அதற்கு மேலே இருந்து ஆரம்பிக்கும்படி மாற்று. என்கோடர் (சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று எண்ணுவது) இருந்தால் சக்கர வேகத்துக்குத் தனியாக ஒரு பி.ஐ.டி. (பிழையைப் பார்த்துப் பார்த்து வேகத்தைத் திருத்தும் கண்ட்ரோலர்) போட்டுவிடு, ஃபஸ்ஸி அதற்கு மேலே உட்காரட்டும்.

சராசரிச் சிக்கலைத் தெரிந்தவர்கள் முன்பே இருக்கிறார்கள். யென், ஃப்ளூகர் இருவரும் 1995-லேயே, ரூல்கள் சேர்ந்து தரும் வளைவு மொத்தத்துக்கும் மையம் எடுக்காமல் பரப்பு அதிகமுள்ள பகுதிக்கு மட்டும் மையம் எடு என்றார்கள். அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்து ஃபிளேக்கி ரோபோவில் சஃபியோத்தி குழுவினர், எந்தச் சூழலில் எந்த பிஹேவியருக்கு (தடையை ஒதுக்குவது, இலக்கை நோக்கிப் போவது மாதிரி) எவ்வளவு எடை என்பதையே ரூலாக எழுதினார்கள். உன் எக்ஸாமினர் இரண்டையும் கேட்பார். ஆனால் இடது, வலது இரண்டின் பரப்பும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால்? சென்சார் நாய்ஸில் ஒரு சுற்று இடது, அடுத்த சுற்று வலது. தலையாட்டி பொம்மை மாதிரி ஆடிக்கொண்டே போய் முட்டும்.

என்னைக் கேட்டால், எந்தப் பக்கம் என்பதையும் எவ்வளவு என்பதையும் பிரித்துவிடு. பக்கத்தை ஒருதரம் முடிவு செய்து நினைவில் வை. நடு சென்சார் 70 செ.மீ. தாண்டும் வரை மாற்றாதே. எவ்வளவு திரும்புவது, எந்த வேகம் என்பதை மட்டும் ஃபஸ்ஸி பார்க்கட்டும். இதிலும் ஒரு ஆபத்து உண்டு. ‘ப’ வடிவ மூலைக்குள் போனால் ரோபோ ஒரே பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நினைவை எப்போது விடவேண்டும் என்பதுதான் உண்மையான ஆய்வுக் கேள்வி. தீசிஸ் அங்கே இருக்கிறது.

சென்சார் விஷயம். ஒலியை அனுப்பி எக்கோவால் தூரம் அளக்கும் ஹெச்.சி.எஸ்.ஆர்.04-ஐ, ஆர்டுயினோவின் பல்ஸ்இன் (துடிப்பின் நீளத்தை அளக்கும் கட்டளை) வைத்துப் படிக்கிறாய் அல்லவா? குறித்த நேரத்துக்குள் எக்கோ வராவிட்டால் அது 0 தரும். அதை அப்படியே உள்ளே விட்டால் 0 செ.மீ., அதாவது ‘மிக அருகில்’. திறந்த வெளியில் ரோபோ பதறி நிற்கும். 400 என்று மாற்றினால் அதைவிட மோசம்: டைல்ஸ் சுவரைச் சாய்வாகப் பார்க்கும்போது ஒலி வேறு பக்கம் தெறித்துவிடும், எக்கோ வராது, ‘தூரம்’ என்று நம்பிச் சுவரில் போய் மோதும். ‘தெரியவில்லை’ என்பதைத் தனி நிலையாக வைத்து, அந்த நேரம் வேகத்தைக் குறை. டைம்அவுட்டை, அதாவது காத்திருக்கும் நேரத்தை, 25,000 மைக்ரோசெகண்டாகக் கொடு. கொடுக்காவிட்டால் ஒரு செகண்ட் வரைகூடக் காத்திருக்கும். சென்சார்களை ஒன்றன்பின் ஒன்றாக 60 மில்லிசெகண்ட் இடைவெளியில் இயக்கு. மூன்றுக்கும் 180 ஆகும், செகண்டுக்கு 40 செ.மீ. வேகத்தில் அதற்குள் ரோபோ 7 செ.மீ. போயிருக்கும். ‘அருகில்’ எங்கே ஆரம்பிக்கவேண்டும் என்பதை அந்த 7 செ.மீ. சொல்லும், ஜெனெட்டிக் அல்காரிதம் சொல்லாது.

வெயிலில் ஒலி வேகம் மாறுமே என்று கேட்டிருந்தாய். ஏசி லேபில் 24 டிகிரி, வெளியே சென்னை மே மாதத்து 38 என்றால் சுமார் 2.3 சதவீத வித்தியாசம். மூன்று சென்சாரும் ஒரே அளவில் மாறுவதால் எந்தப் பக்கம் என்ற முடிவு பெரிதாகக் கெடாது. ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடு.

ரூல் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வை. மூன்று சென்சார், ஒவ்வொன்றுக்கும் ‘அருகில்’ மாதிரி மூன்று செட் என்றால் 27. ஐந்து சென்சார், ஐந்து செட் என்றால் 3125, அதை யாரும் கையால் எழுதிச் சரிபார்க்க முடியாது. ஆர்டுயினோவின் சின்ன ஊனோ போர்டே போதும் என்றால், ஃபஸ்ஸி கணக்குப் போடும் முறைகளில் சீரோ ஆர்டர் சுகேனோ எடு. ஒவ்வொரு ரூலின் முடிவும் ஒரு எண்தான், கடைசியில் ஒரே வகுத்தல். இன்னொரு முறையான மம்தானியில் மையம் காண வளைவு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கூட்டவேண்டும், 2 கே.பி. ராமும் 16 மெகாஹெர்ட்ஸும் உள்ள சிப்புக்கு அது வீண் சுமை.

ஒப்பீட்டுக்கு வெறும் ‘ஃபஸ்ஸி இல்லாத ரோபோ’வை வைக்காதே, கமிட்டியில் கிழித்துவிடுவார்கள். 1997-இல் வந்த டைனமிக் விண்டோ முறையை (ரோபோவால் எட்டக்கூடிய வேகங்களில் மோதாததாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது) வை. ஒரே தொடக்கப் புள்ளி, ஒரே தடைகள். தடைக்கு மிக நெருங்கிய தூரம், பாதை நீளம், நேரம், திசை எத்தனை முறை மாறியது என்று நான்கையும் அள. கடைசியாகச் சொன்னதில்தான் உன் முறை ஜெயிக்கவோ தோற்கவோ போகிறது.

மோட்டாரை ஆன்லைனில் வாங்காதே. என்கோடர் வைத்த சின்ன என்20 மோட்டார் இரண்டு, எல்298என்-க்குப் பதில் டிபி6612 டிரைவர் ஒன்று. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடையிலேயே ஓட்டிப் பார்த்து, வேகம் ஒத்துப்போகிற ஜோடியாக எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், அதனால் கமிட்டிக்கு வரும்போது சனிக்கிழமையையும் சேர்த்து லீவு போட்டுக்கொண்டு வாடி.

அன்புடன்,
விஜி