காசநோய் வீட்டுக்கு ரேஷனும் மருந்துதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

காசநோய் ஒழிப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை புதிய மாத்திரைகள், புதிய பரிசோதனைகள் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிவிட்டு, சாப்பாட்டை மட்டும் 'சத்தான உணவு உண்ண வேண்டும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. காசநோய்ப் பிரிவில் களப்பணி பார்த்து ஓய்வுபெற்ற என்னால் அந்த வரியைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1956-இல் தொடங்கிய ஆய்வு உலகத்துக்கே வழிகாட்டியது. நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில், சேர்த்தார்கள், மீதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம். வீட்டிலோ நெரிசலும் அரைவயிறும். ஒரு வருட முடிவில் பார்த்தால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குணமாகியிருந்தார்கள், வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் முடிவு வெளியானதும், படுக்கைக்காகக் காத்திருக்காமல் வீட்டிலிருந்தே சிகிச்சை என்பது மெல்ல மெல்ல எல்லா நாட்டு வழிகாட்டுதல்களிலும் ஏறியது. எத்தனை லட்சம் ஏழைகளைக் காப்பாற்றிய முடிவு அது!

அதோடு இன்னொரு எண்ணமும் சேர்ந்தே பரவியது, மாத்திரை இருந்தால் போதும், சாப்பாடு இரண்டாம்பட்சம் என்று. அந்த ஆய்வு கேட்ட கேள்வி, மாத்திரை போட்டவருக்கு நோய் அடங்குகிறதா என்பது. அதே வீட்டில் அரைவயிறோடு இருக்கும் மற்றவர்களுக்கு வயிறார சாப்பாடு கொடுத்தால் நோய் வருவதைத் தடுக்க முடியுமா என்று அது கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்தே பல பத்தாண்டுகள் போய்விட்டன.

அப்புறம் அதே சேத்துப்பட்டு நிறுவனமும் சேர்ந்து ஜார்க்கண்டில் அந்தக் கேள்வியைக் கேட்டது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் 10,345 பேர். நோயாளிகள் அனைவருக்கும் மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் மட்டும் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. மற்றப் பிரிவைவிட அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைவு. 2023-இல் வெளியான முடிவு இது. தடுப்பூசியில் இப்படி ஒரு பலன் கிடைத்திருந்தால் நாடே கொண்டாடியிருக்கும், கிடைத்தது அரிசியிலும் பருப்பிலும்.

சரி, இன்று நடைமுறை என்ன? நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். நல்ல உதவிதான், 500 ஆக இருந்தது 2024 நவம்பரில் கூடியது. ஆனால் நான் போன வீடுகளில் அந்தப் பணம் குழுக் கடன் தவணைக்கோ பிள்ளையின் ஃபீஸுக்கோதான் போகும், யாரைக் குறை சொல்ல? 36 கிலோ எடையில் ஒரு கொத்தனார். அவர் மனைவி எனக்குப் பானையைத் திறந்து காட்டினார்: ஐந்து பேருக்கு அரைப் பானை சோறு, தொட்டுக்கொள்ள நீர் மோரும் மிளகாயும். கணவருக்கு முதலில் போட்டுவிட்டுத் தானும் பிள்ளைகளும் மிச்சத்தைச் சாப்பிடுகிறார்கள். அடுத்த நோயாளி அந்த மிச்சத்திலிருந்துதான் வருவார்.

குடும்பத்துக்கான உணவுக் கூடையைக் கொடையாளர்கள் தரலாம் என்று அரசு சொல்லியிருக்கிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரைக்கு நாம் கொடையாளரைத் தேடுகிறோமா? ஆய்வில் நிரூபணமான ஒன்றை மனமுள்ளவர் கொடுத்தால் உண்டு என்று விடுவது எந்த வகையில் நியாயம்?

தமிழ்நாட்டால் முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2022 முதல் இங்கே காசநோய் உறுதியான அன்றே எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, எதையும் பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவர்களை உடனே வார்டில் சேர்க்கிறார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம், எங்களைப் போன்ற களப்பணியாளர்களும் நர்ஸுகளும் செய்யக்கூடியது. அதே ஊழியர்கள், ஏற்கெனவே ஊர்தோறும் இருக்கும் ரேஷன் கடை, இரண்டையும் இணைத்தால் போதும்.

காசநோய் பதிவான வீட்டின் ரேஷன் அட்டையில் ஆறு மாதத்துக்கு ஆள் ஒன்றுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ துவரம்பருப்பும் கூடுதலாக ஏற வேண்டும். மாநிலத்தின் சிகிச்சை வழிகாட்டுதலில், மாத்திரை அளவு எழுதியிருக்கும் அதே பக்கத்தில், கிலோ கணக்கோடு இதையும் எழுதச் சொல்லுங்கள். அதை எழுத உட்காரும் குழுவில் இந்த வீடுகளுக்குள் போய் வந்த ஒரு களப்பணியாளரும், நோயிலிருந்து மீண்ட ஒருவரும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதாரப் பார்வையாளர்,
விழுப்புரம் மாவட்டம்.