பெட்டியைப் பிரிப்பதற்கு முன்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்கரைப்பற்றில் உங்கள் கம்பனி வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கு 30 டெப் (டெப்லட் கணினி) வாங்கப்போவதாகவும், அவற்றின் பொறுப்பு உன் தலையில் விழுந்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். சில வருடங்களாக இதே வேலையோடு மாரடிப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் கையில் கொடுத்துவிடுவோம், பிறகு ஒழுங்குபடுத்தலாம் என்று மட்டும் நினைத்துவிடாதே. நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். ஒரு தம்பி தன் சொந்த ஜீமெயில் கணக்கைப் போட்டு ஒரு வருடம் பாவித்துவிட்டு, வேலையை விட்டுக் கட்டாருக்குப் போய்விட்டார். அவர் ஒப்படைத்த டெப்பின் பூட்டு எண் எவருக்கும் தெரியாததால், பக்கப் பொத்தான்களை அழுத்திப் பிடித்து அதை முழுவதுமாக அழித்தோம். அழிந்து எழும்பியதும் அது கேட்டது அந்தத் தம்பியின் கணக்கைத்தான். 2015 இல் ஆன்ட்ராய்டு 5.1 உடன் வந்த அந்தக் காவல் திருடனுக்காக வைக்கப்பட்டது. வாங்கிய எங்களையே அது திருடனாகப் பார்த்தது. பாதுகாப்புக்குப் பொறுப்பான நான், வட்ஸ்அப்பில் அவரைப் பிடித்து, வேலை முடிந்து அறைக்கு வரும்வரை காத்திருந்து, கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிய வெட்கம் இன்னும் போகவில்லை.

இப்போது எந்த டெப்பும் என் மேசையைத் தாண்டாமல் வெளியே போவதில்லை. புதிய டெப்பின் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு தடவை தட்டினால் கியூஆர் ஸ்கேனர் திறக்கும். டெப்களைக் கட்டுப்படுத்தும் முகாமைத்துவ மென்பொருள் தரும் கியூஆர் குறியை அதற்குக் காட்டினால், அது கம்பனியின் டெப்பாகப் பதிவாகி, எந்தச் செயலி இருக்கலாம், எது கூடாது என்பதெல்லாம் கந்தோரிலிருந்தே தீர்மானிக்கப்படும். யாராவது கணக்கைப் போட்டு முகப்புத் திரைக்குப் போய்விட்டால், மறுபடி முழுவதும் அழித்துத்தான் இதைச் செய்ய வேண்டும்.

தொலைந்தால் தூரத்திலிருந்தே அழிக்கலாம் என்று விற்பனையாளர் சொல்வார். பொய்யில்லை, ஆனால் அந்தக் கட்டளை போய்ச் சேர டெப் இணையத்தில் இருக்க வேண்டுமே. படுவான்கரையின் உட்புறத்தில் சிக்னல் இல்லாத இடத்தில் தவறினாலோ, எடுத்தவன் சிம்மைக் கழற்றிவிட்டாலோ, நாம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே பூட்டு எண்ணை ஆறு இலக்கமாக்கி, பத்துத் தடவை பிழையாக அழுத்தினால் தானாகவே அழியும்படி வைத்திருக்கிறேன். அதற்கு இணையம் தேவையில்லை. நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள்தான் சாத்தியம், ஆறில் 10 இலட்சம். நான்கு இலக்கம் விட்ட காலத்தில் பாதிப்பேர் பிறந்த வருடத்தையே போட்டிருந்தார்கள். ஒருவர் அதையும் உறையின் உட்புறத்தில் எழுதி ஒட்டியிருந்தார்!

உத்தியோகத்தர்கள் எதிர்த்தது இருப்பிடத்தைக் காட்டும் வசதியை. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஒருவர் எங்கே நிற்கிறார் என்பது கம்பனிக்கு எதற்கு? தொலைந்ததாக அறிவித்தால் மட்டுமே பார்ப்போம் என்று முகாமையாளரின் கையெழுத்துடன் எழுதிக் கொடுத்தபின்தான் முணுமுணுப்பு அடங்கியது. நீ அந்தக் கடிதத்தை டெப்புடன் சேர்த்தே கொடுத்துவிடு.

வரும் சனிக்கிழமை இரண்டு டெப்பை எடுத்துக்கொண்டு வா. இருந்து செய்து காட்டுகிறேன். பெட்டியின் ஒட்டைப் பிரிக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
உன் நண்பன்